வெர்தனுக்குப் போகிறவர்களுக்கு: ஒரு பெயரோடு கிளம்புங்கள்

பாரிஸ் புறநகரில் குடியேறி ஆறு வருடம் அந்தக் கல்லைத் தாண்டித்தான் தபால் நிலையத்துக்குப் போய் வந்தேன். மேரி, அதாவது ஊராட்சி அலுவலகத்தின் வாசலில், பூச்செடிகளுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு தூண். ஒரு நாள் மேரி திறக்கக் கால் மணி நேரம் இருந்தது. பொழுது போகாமல் அதிலிருந்த பெயர்களை வாசித்தேன். 1914-1918 என்று செதுக்கியதற்குக் கீழே ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வந்தது. அண்ணன் தம்பிகளாக இருக்கலாம், சித்தப்பா பிள்ளைகளாகவும் இருக்கலாம். அதற்குக் கீழே 1939-1945 பட்டியல். அது நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

எனக்குப் பூர்வீகம் பாண்டி. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்பார்கள். சொல்தா வீடு, சொல்தா பென்ஷன் என்று காதில் விழுந்து வளர்ந்தவன் நான். கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் வெள்ளை நினைவுச் சின்னம், முதல் உலகப் போரில் மாண்ட பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது என்பதும் தெரியும். இருந்தும் அந்த மூன்று பெயர்களை வாசித்த பிறகுதான், அந்தப் போரின் பெரிய போர்க்களங்களில் ஒன்றான வெர்தனுக்குப் போக வேண்டும் என்று தோன்றியது.

பிரெஞ்சு வீரர்களின் தீரம் என்று எடுத்தால் பட்டியல் நீளும். 1863இல் மெக்சிகோவின் கமரோனில் 65 பேர் சுமார் 2000 பேரை ஒரு பகல் முழுக்கத் தடுத்து நின்றார்கள். 1942இல் லிபியப் பாலைவனத்து பீர் ஹக்கீமில் சுதந்திர பிரெஞ்சுப் படை இரண்டு வாரம் ஜெர்மன் தளபதி ரோமலை மறித்தது. ஈஃபில் கோபுரம் பார்க்க ஆறாம் தட மெட்ரோவில் இறங்கும் நிலையத்தின் பெயர் அதுதான். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது வெர்தன், 1916. ஒரே நாளில் போய் வரலாம். மற்ற போர்க்களங்களில் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஊகிக்க வேண்டியதை அங்கே கால் தடுக்கியே தெரிந்துகொள்ளலாம்.

போகிற முறைதான் முக்கியம். முதல் தடவை நான் வெறும் கையோடு போய், எண்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினேன். மனதில் ஒன்றும் தங்கவில்லை. இரண்டாம் தடவை ஒரு பெயரோடு போனேன். கீழே இருப்பது அந்த இரண்டாம் தடவையின் வழி.

முதலில் உங்கள் ஊர்க் கல்

பிரான்சில் ஏறக்குறைய எல்லாக் கொம்யூனிலும், அதாவது தனி மேயர் உள்ள ஒவ்வொரு ஊரிலும், இப்படி ஒரு நினைவுத் தூண் உண்டு. மேரி எதிரிலோ, தேவாலயத்தின் பக்கத்திலோ, கல்லறைத் தோட்டத்திலோ தேடுங்கள். பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் ஒரே குடும்பத்தவர் அடுத்தடுத்து வருவார்கள். ஆண்டு வாரியாக இருந்தால் 1914க்குக் கீழே உள்ள வரிசையைப் பாருங்கள். போர் நடந்தது அந்த ஆண்டின் ஐந்தே மாதம், பெயர்களோ அதற்கு மீறி இருக்கும். 1914 ஆகஸ்ட் 22 என்ற ஒரே நாளில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் செத்தார்கள். இயந்திரத் துப்பாக்கிக்கு எதிரே சிவப்புக் கால்சட்டையும் துணித் தொப்பியுமாக ஓடிய காலம் அது. இரும்புத் தலைக்கவசம் கைக்கு வந்ததே 1915இல்தான்.

பெயர்களில் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். குடும்பப் பெயர் சாதாரணமானதாக இருந்தால் தேடும்போது நூறு பேர் வருவார்கள், கொஞ்சம் அபூர்வமானதைப் பார்த்து எடுங்கள்.

பெயரிலிருந்து ஆளுக்கு

பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெ ஸோம்' என்ற இணையதளத்தில் முதல் உலகப் போரில் 'மோர் பூர் லா ஃபிரான்ஸ்', அதாவது பிரான்சுக்காக உயிர் நீத்தவர் என்று அறிவிக்கப்பட்ட 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அட்டைகள் இருக்கின்றன. காசு கிடையாது. பெயரைத் தட்டினால் அன்றைக்கு நிரப்பிய அதே அட்டையின் படம் வரும்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பயப்பட வேண்டாம், எல்லா அட்டையிலும் ஒரே வரிசைதான்: பெயர், பதவி, படைப்பிரிவு, எண், 'கிளாஸ்', இறந்த நாள், இடம், இறந்த விதம், பிறந்த நாள், ஊர். 'கிளாஸ்' என்பதைப் படித்த வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இருபது வயது நிறையும் ஆண்டு அது. 1895இல் பிறந்தவர் 1915 கிளாஸ். இறந்த இடத்தில் 'ஆம்புலன்ஸ்' என்று இருந்தால் வண்டி இல்லை, போர்முனைக்குப் பின்னால் இருந்த கள மருத்துவமனை. மாவட்டம் 'மியூஸ்' என்றும் ஆண்டு 1916 என்றும் இருந்தால் பெரும்பாலும் வெர்தன்தான். துவோமோன், ஃப்ளூரி, வோ, மோர்-ஓம், 304ஆம் குன்று என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் சந்தேகமே வேண்டாம்.

இறந்த விதம் என்ற கட்டத்தில் நிதானமாக நில்லுங்கள். 'எதிரியால் கொல்லப்பட்டார்', 'காயத்தின் விளைவாக', 'பணியில் தொற்றிய நோயால்' என்று பல வகை. என்னுடையவருக்கு 'திஸ்பரு' என்று இருந்தது. காணாமல் போனவர். அதற்குக் கீழே நீதிமன்றத் தீர்ப்பு என்று ஒரு வரி. 1916 ஜூனில் காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று தீர்ப்பு வந்தது 1921இல். ஐந்து வருடம் அந்த வீட்டில் யார் காத்திருந்தார்கள் என்று அட்டை சொல்லவில்லை. அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, சொந்தக்காரர்கள் அதே ஊரில் இன்னும் இருக்கலாம்.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால் அவர் பிறந்த மாவட்டத்தின் ஆவணக்காப்பகத் தளத்துக்குப் போய் 'ரெஜிஸ்த்ர் மத்ரிக்குல்' என்ற ஆள்சேர்ப்புப் பதிவேட்டைத் தேடுங்கள். தொழில், உயரம், கண் நிறம், படிப்பு எல்லாம் அதில் உண்டு. என்னுடையவர் பண்ணைக் கூலி. உயரம் ஒரு மீட்டர் 61. எழுதப் படிக்கத் தெரியும்.

அவர் இருந்த படைப்பிரிவின் நாட்குறிப்பும் அதே மெமுவார் தெ ஸோம் தளத்தில் கிடைக்கும். இறந்த தேதிக்கு இரண்டு நாள் முன்னாலிருந்து வாசியுங்கள். அன்றன்றைய இழப்பில் பெரும்பாலும் அதிகாரிகளுக்குப் பெயர் இருக்கும், சிப்பாய்களுக்கு எண்ணிக்கை மட்டும். உங்கள் ஆள் அந்த எண்ணிக்கைக்குள் ஒருவர்.

மாலை ஆறரைக்கு ஒரு தடவை

வெர்தனுக்குப் போகுமுன் ஒரு சாயங்காலம் பாரிஸின் வெற்றி வளைவான ஆர்க் த திரியோம்ஃபுக்குப் போய் வாருங்கள். சாலையைக் குறுக்கே கடக்க நினைக்காதீர்கள், சுரங்கப் பாதை இருக்கிறது. வளைவின் மேலே ஏறத்தான் டிக்கெட், கீழே நிற்க டிக்கெட் தேவையில்லை. அங்கேதான் பெயர் தெரியாத வீரரின் சமாதி. 1923 நவம்பர் 11 அன்று ஏற்றிய சுடரை ஒவ்வொரு நாளும் மாலை 6.30க்குத் தூண்டுகிறார்கள். ஜெர்மானியர் பாரிஸுக்குள் நுழைந்த 1940 ஜூன் 14 அன்றும் தூண்டியிருக்கிறார்கள்.

அந்த வீரரைத் தேர்ந்தெடுத்ததே வெர்தன் கோட்டையின் நிலவறையில்தான். 1920 நவம்பர் 10. அடையாளம் தெரியாத எட்டு உடல்கள், எட்டுப் பெட்டிகள். ஒகுய்ஸ்த் தேன் என்ற 21 வயதுச் சிப்பாயின் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து, ஏதாவது ஒரு பெட்டியின் மேல் வைக்கச் சொன்னார்கள். அவர் 132ஆம் காலாட்படைப் பிரிவு. ஒன்றும் மூன்றும் இரண்டும் ஆறு என்று கூட்டி, ஆறாவது பெட்டியில் வைத்தார். தகப்பனைப் போரில் பறிகொடுத்த பிள்ளை அவர்.

ரயில்

பாரிஸின் கிழக்கு ரயில் நிலையமான கார் து லெஸ்த்தில் ஏற வேண்டும். தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பெல்லில் இருந்து நடந்தே போய்விடலாம், வழியில் மதியத்துக்கு ஒரு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். போர்க்களத்தில் பசி வந்தால் நினைத்த இடத்தில் கடை கிடையாது.

அரை மணி முன்னதாகப் போனால் நிலையத்திலேயே ஒரு வேலை இருக்கிறது. 1914 ஆகஸ்டில் வீரர்கள் ரயிலேறிய காட்சியை வரைந்த பெரிய ஓவியம் அங்கே மாட்டியிருக்கிறது. வரைந்தவர் அமெரிக்கரான ஆல்பர்ட் ஹெர்ட்டர். அவர் மகன் 1918இல் பிரான்சில் போரில் இறந்தவர். ஓவியத்தின் நடுவே, துப்பாக்கிக் குழாயில் பூவைச் செருகி இரு கைகளையும் தூக்கி நிற்பவன் அந்த மகன். வலது ஓரத்தில் பூங்கொத்தோடு நிற்கும் முதியவர் ஹெர்ட்டரே. நிலையத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு கடந்து போகிறார்கள்.

மியூஸ் டிஜிவி (அதிவேக ரயில்) நிலையத்துக்குச் சுமார் ஒரு மணி நேரம். அங்கிருந்து வெர்தன் ஊர் 30 கிலோமீட்டருக்குக் கிட்ட, ரயில் வரும் நேரத்துக்குப் பேருந்து உண்டு. திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கடைசிப் பேருந்தைக் கோட்டைவிட்டு, டாக்சிக்குக் கொடுத்த காசு இன்னும் வலிக்கிறது. போர்க்களம் ஊருக்கு வெளியே பத்துக் கிலோமீட்டர் தள்ளிக் காட்டுக்குள் இருக்கிறது. நாலு பேராகப் போனால் வாடகைக் கார்தான் லாபம். டி913 சாலையைப் பிடித்தால் முக்கியமான இடங்கள் எல்லாம் அதை ஒட்டியே வரும்.

குளிர்காலத்தில் சில இடங்களை மூடிவிடுவார்கள், கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்திலும் ஸ்வெட்டர் வேண்டும், கோட்டைகளுக்குள் ஈரமும் குளிரும் ஏறும். செருப்பு ஆகவே ஆகாது.

காட்டுக்குள்

முதலில் ஃப்ளூரியில் உள்ள மெமோரியல் அருங்காட்சியகம். ஒன்றரை மணி நேரம் கொடுங்கள். கதையின் எலும்புக்கூடு அங்கே கிடைத்துவிடும். 1916 பிப்ரவரி 21 அன்று ஜெர்மன் பீரங்கிகள் தொடங்கின. டிசம்பர் 18 வரை சுமார் 300 நாள். பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஏறக்குறைய 1,63,000. ஜெர்மன் தரப்பில் 1,43,000. கடைசியில் எல்லைக் கோடு கிட்டத்தட்டத் தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றது.

பிரெஞ்சுப் படையில் பெரும்பகுதி வெர்தனைப் பார்த்துவிட்டது. தளபதி பெத்தேன் படைகளை மாற்றி மாற்றி அனுப்பியதுதான் காரணம். கொஞ்ச நாள் முன்னால், பிறகு ஓய்வு, அடுத்த படை. ரயில் பாதைகள் அறுந்துபோன நிலையில் பார்-ல-துக் என்ற ஊரில் இருந்து வந்த ஒற்றைச் சாலைதான் உயிர்நாடி. இரவும் பகலும் அதில் லாரிகள், சராசரியாகப் பதினான்கு விநாடிக்கு ஒன்று. எதிரே திரும்பி வருகிற லாரியில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் புதிதாகப் போகிறவர்கள் போனார்கள். தீரம் என்றதும் கத்தியைத் தூக்கிக்கொண்டு பாய்வதை நினைக்கிறோம். அந்த முகங்களைப் பார்த்த பிறகும் லாரியை விட்டு இறங்காமல் இருந்ததைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அருங்காட்சியகத்திலிருந்து நடந்து ஃப்ளூரி கிராமத்துக்குப் போங்கள். கிராமம் என்று பலகை இருக்கும், கிராமம் இருக்காது. போருக்கு முன் சுமார் நானூறு பேர் வாழ்ந்த ஊர். 1916 கோடையில் பதினாறு முறை கை மாறியதாகச் சொல்கிறார்கள். இப்போது பள்ளமும் மேடுமாகப் புல். இடையிடையே சிறு அடையாளக் கற்கள்: இங்கே ரொட்டிக் கடை, இங்கே லாடக்காரர், இங்கே பள்ளிக்கூடம். ரொட்டிக் கடைக் கல் இருக்கும் இடத்தில் நின்று பாருங்கள். நம் ஊரில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டுவார்களே, அந்த அளவுப் பள்ளங்கள் எல்லாத் திசையிலும், ஒன்றை ஒன்று தின்றுகொண்டு. புல் முளைத்ததால் மென்மையாகத் தெரிகிறது. ஒவ்வொன்றும் ஒரு குண்டு.

இப்படி ஒன்பது கிராமங்கள் அழிந்தன. ஆறு திரும்பக் கட்டப்படவே இல்லை. ஆனால் அவை கொம்யூன்களாகவே நீடிக்கின்றன. வாக்காளரே இல்லாத ஊருக்கு அரசு ஒரு மேயரை நியமிக்கிறது. எனக்கு இது முதலில் வேடிக்கையாகப் பட்டது.

அடுத்தது துவோமோன் எலும்பகம். 1932இல் திறந்தது. 137 மீட்டர் நீளக் கூடம், நடுவே 46 மீட்டர் கோபுரம். எதிரே சரிவில் 16,000க்கும் மேற்பட்ட வெள்ளைச் சிலுவைகள், இடையில் ரோஜாச் செடிகள். ஒரு பகுதியில் சிலுவைக்குப் பதில் மெக்காவை நோக்கிய கற்கள், 592. வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட முஸ்லிம் வீரர்கள். 1916 அக்டோபர் 24 அன்று துவோமோன் கோட்டையை மீட்டதே மொரோக்கோ குடியேற்றக் காலாட்படையும் அதோடு சேர்ந்த செனகல், சோமாலியப் பட்டாளங்களும்தான். முஸ்லிம் வீரர்களுக்கென்று அங்கே ஒரு தனி நினைவிடம் வர 2006 ஆகிவிட்டது.

உங்கள் ஆளுக்குக் கல்லறை இருக்கிறதா என்று மெமுவார் தெ ஸோம் தளத்திலேயே முன்கூட்டித் தேடி வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் அந்தச் சரிவில் கண்டுபிடிக்க முடியாது. காணாமல் போனவர் என்றால் கட்டடத்தின் பின்பக்கம் போங்கள். தரைமட்டத்தில் சிறு கண்ணாடிச் சன்னல்கள் இருக்கும். குனிந்துதான் பார்க்க முடியும். உள்ளே எலும்புகள். அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 பேர், பிரெஞ்சுக்காரர் யார் ஜெர்மானியர் யார் என்று பிரிக்க முடியாமல் ஒன்றாக. என் ஒரு மீட்டர் 61 அதற்குள் இருக்கலாம். இல்லாவிட்டால் இன்னும் காட்டு மண்ணில். 2013இல் ஃப்ளூரி பக்கத்தில் 26 வீரர்களின் எச்சங்கள் ஒரே இடத்தில் வெளிப்பட்டன.

நேரம் ஒரு கோட்டைக்குத்தான் இருக்கிறது என்றால் எல்லோரும் துவோமோனுக்குப் போகச் சொல்வார்கள். நான் வோ கோட்டைக்கு அனுப்புவேன். சிறியது, ஆனால் நடந்தது அங்கே கையில் தொடுகிற தூரத்தில் இருக்கிறது. 1916 ஜூன் தொடக்கம். சுமார் 250 பேருக்கான இடத்தில் 600 பேர், காயம்பட்டவர்களும் சேர்த்து. தளபதி ரெய்னால். ஜெர்மானியர் கூரைமேல் ஏறிவிட்டார்கள். நடைவழிக்குள் மணல் மூட்டைச் சுவர் எழுப்பி, இருட்டில், புகையில், மீட்டர் மீட்டராகச் சண்டை. தண்ணீர்த் தொட்டியில் இருப்பதாகக் கணக்கில் இருந்த அளவு உண்மையில் இல்லை. சுவரில் கசிந்த ஈரத்தை நக்கினார்கள், சிறுநீரைக் குடித்தார்கள்.

ஜூன் 4 அன்று ரெய்னால் தன்னிடம் மிஞ்சிய ஒரே தூதுப் புறாவைப் பறக்கவிட்டார். 'இன்னும் தாக்குப்பிடிக்கிறோம்' என்று தொடங்கும் அந்தச் சீட்டு, 'இது என் கடைசிப் புறா' என்று முடிகிறது. நச்சுப் புகையைக் குடித்த புறா வெர்தன் வந்து சேர்ந்ததும் செத்தது. மூன்று நாள் கழித்து, ஜூன் 7 அன்று, கோட்டை சரணடைந்தது. ஜெர்மன் பட்டத்து இளவரசர் மரியாதைக்காக ரெய்னாலுக்கு ஒரு வாளைக் கொடுத்தார். தாகம்தான் தோற்கடித்தது என்பது எதிரிக்கும் தெரிந்திருந்தது. உள்ளே போனால் அந்தக் குறுகலான நடைவழியில் ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். கூரையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்கும். அன்றைக்கு அது இருந்திருந்தால்!

நேரம் மிஞ்சினால் மட்டும் கோர் காட்டில் கர்னல் திரியானின் காங்கிரீட் நிலவறை. நாடாளுமன்ற உறுப்பினர், வயது அறுபது. வெர்தனின் பாதுகாப்பு பலவீனமாக இருக்கிறது என்று முந்தின ஆண்டே எச்சரித்தவர். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாக்குதலின் இரண்டாம் நாள் தன் ஆட்களோடு அங்கேயே விழுந்தார். எச்சரித்தவனே பலியாவது நம் கதைகளிலும் உண்டு.

கையை வைக்காதீர்கள்

பாதையை விட்டு இறங்க வேண்டாம். சும்மா சொல்லவில்லை. வெடிக்காத குண்டுகளை இன்றும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். துருப்பிடித்த இரும்பு எதைப் பார்த்தாலும் தொடாமல், படம் எடுத்துவிட்டு விலகுங்கள். உலோகம் கண்டறியும் கருவியோடு போவது குற்றம். எலும்பகத்துக்குள் சத்தம் கூடாது. குண்டுப் பள்ளத்தில் குழந்தைகளை இறக்கிவிட்டு செல்ஃபி எடுத்த ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். காவலர் கத்தவில்லை, அருகில் போய் மெதுவாக ஏதோ சொன்னார். அவர்கள் அவசரமாக மேலே ஏறினார்கள்.

வீடு திரும்பிய பிறகு

நான் போய் வந்த காலத்தில் மெமுவார் தெ ஸோம் தளத்தில் கணக்குத் தொடங்கினால் யாரும் இந்த அட்டைகளுக்கு விவரம் ஏற்றலாம். அந்த வேலை 2018இல் முடிந்துவிட்டது. படமாக மட்டும் இருக்கும் அட்டையைப் பார்த்து, பிறந்த தேதி, ஊர், படைப்பிரிவு, இறந்த விதம் ஆகியவற்றைத் தட்டச்சு செய்ய வேண்டியிருந்தது. அப்படி யாரோ ஏற்றி வைத்ததால்தான் என்னுடையவர் எனக்குச் சட்டென்று கிடைத்தார். ரயிலில் வரும்போதே போனில் பதிவு செய்துகொண்டு, அன்றிரவு ஒரு அட்டையைத் திறந்தேன். அதில் இருந்தவர் பிரான்சின் மேற்கே பிரித்தானிப் பக்கத்துக்காரர், 19 வயது. ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து கே-யா, ஆர்-ஆ என்று பிடிபடப் பத்து நிமிடம் ஆனது. கே-தான்.